சட்டம் படிக்கும் பிள்ளைக்குத் துணை நின்றவர்கள்

சங்கத்தின் பொன்விழா மலரில் நமக்கும் சில பக்கங்கள் ஒதுக்கித் தந்த மலர்க் குழுவினருக்கு முதலில் நன்றி. நாம் வழக்கறிஞர் அல்லர். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு ஜொகூர் பாருவில் வியாபாரம் செய்பவர்கள். ஆனாலும் கடை வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ், வங்கிக் கடன், வாரிசுச் சொத்து என்று எதைத் தொட்டாலும் சட்டம் முன்னால் வந்து நிற்கிறது. அப்படியிருந்தும், சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வழி சொல்ல நம் வீடுகளில் பெரும்பாலும் ஆள் இல்லை. ஆகவே, சட்ட மாணவர்களுக்கு இதுவரை எங்கிருந்தெல்லாம் உதவி வந்தது என்ற வரலாற்றைத் திரட்டித் தருகிறோம்.

ஜொகூருக்குச் சட்டம் புதிதல்ல. மலாய் மாநிலங்களில் முதன்முதலாக எழுத்தில் அரசியலமைப்பைத் தந்தது ஜொகூர்தான். ஆண்டு 1895. துருக்கி உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' என்னும் சிவில் சட்டத் தொகுப்பு மலாய் மொழிக்கு மாற்றப்பட்டு, 1913-இல் 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று இங்கே நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருந்தது. ஆனால் வழக்கறிஞராகப் படிக்க நாட்டில் இடம் இல்லை.

அன்று வழக்கறிஞராக வேண்டுமானால் லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும். லிங்கன்ஸ் இன், மிடில் டெம்பிள், இன்னர் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு சட்ட மன்றங்களில் ஒன்றில் சேர வேண்டும். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. அந்த மன்றத்தின் இரவு விருந்துகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் விதி. மூத்த வழக்கறிஞர்களோடு பழகவே அந்த ஏற்பாடு. நூலகமும் வழிகாட்டுதலும் அங்கே கிடைத்தன. ஆனால் பணம் உள்ளவர் அல்லது உபகாரச் சம்பளம் பெற்றவர் மட்டுமே அங்கே போக முடிந்தது.

அப்படி உபகாரச் சம்பளத்தில் போனவர்களுள் முக்கியமானவர், 1916-இல் சிங்கப்பூரில் பிறந்த அஹ்மத் இப்ராஹிம். 1885-இல் தொடங்கிய குயின்ஸ் ஸ்காலர்ஷிப் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். அவரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளூரில் வழக்குத் தீர்ப்புகளைத் தேடிப் படிப்பதும் அன்று பெரும்பாடு. அந்தக் குறையைத் தீர்த்தவர் பஷீர் அஹ்மத் மல்லால். பஞ்சாபிலிருந்து வந்தவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவர். சட்டப் பட்டம் பெறாத அவர்தான் 1932-இல் சிங்கப்பூரில் 'மலாயன் லா ஜர்னல்' இதழைத் தொடங்கினார். இன்று நாட்டின் எந்தச் சட்ட மாணவரும் அந்த இதழின் தொகுதிகளைப் புரட்டாமல் பட்டம் வாங்க முடியாது. தானே வழக்கறிஞராகாத ஒருவர் எத்தனை தலைமுறை வழக்கறிஞர்களுக்குக் கை கொடுத்திருக்கிறார் என்பதை நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

1957-இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்ட வகுப்புகள் தொடங்கின. ஜொகூர்க்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் சட்டக் கல்வி என்ற நிலை வந்தது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபின் அந்த வகுப்பறை வேறு நாட்டில் ஆகிவிட்டது. 1972-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை திறக்கப்பட்டபோது, அதன் முதல் டீனாக வந்தவர் அதே அஹ்மத் இப்ராஹிம். 1983-இல் தொடங்கிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவைக் கட்டியவரும் அவரே. 1999-இல் அவர் காலமானார். மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட நூலகமும், இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவும் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. உபகாரச் சம்பளத்தில் படித்த ஒரு மாணவர், பின்னால் ஆயிரமாயிரம் மாணவர்களுக்கு வாசல் திறந்துவிட்டார்.

வீட்டார் தரும் துணைக்கு இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம். கேரளத்தின் பத்தனம்திட்டாவில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில் 1927-இல் பிறந்தவர் ஃபாத்திமா பீவி. அவர் அறிவியல் மேற்படிப்புக்குப் போக நினைத்தபோது, சட்டம் படி என்று சொன்னவர் தந்தை மீரா சாஹிப். திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண்மணி நீதிபதியானதைக் கண்டு தம் மகளுக்கும் அந்த வழியைக் காட்டினார். மகள் 1950-இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். பெண் பிள்ளைக்குச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தத் தந்தையே பதில்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மலேசியாவில் வழக்கறிஞராகும் வழியை 1976-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம் வகுத்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டு அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் நேராக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டம் போன்றவற்றைப் பெற்றவர்கள் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும். இந்தத் தேர்வு 1984 முதல் நடந்து வருகிறது. எந்த வழியில் வந்தாலும், கடைசியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். இதைத்தான் 'சேம்பரிங்' என்கிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சேம்பரிங் காலத்தில் பகுதி நேரமாகக்கூட வேறு வேலையில் அமரக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பயிற்சி தரும் வழக்கறிஞர் கொடுக்கும் அலவன்ஸ் மட்டும்தான். அதுவும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுபடும். அறை வாடகை, கோட்டு, ஷூ, பஸ் செலவு, மனுச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பட்டமளிப்பு விழாவோடு பிள்ளை கரை சேர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அதன் கை மிகவும் இறுகுகிறது.

படிப்புக் காலத்துக்கு இன்று உதவிகள் இருக்கின்றன. 1997-இல் வந்த பி.டி.பி.டி.என். கடனை, முதல் வகுப்பில் தேறி, அதற்கான நிபந்தனைகளும் பொருந்தினால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஜொகூர் மாணவர்களுக்கு 'யாயாசான் பெலாஜாரான் ஜொகூர்' இருக்கிறது. தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு ஜொகூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஸகாத் நிதியிலிருந்து கல்வி உதவி உண்டு. கூட்டரசுச் சட்டங்களை அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜொகூர் பாருவிலும் இயங்குகிறது. பணம் இல்லாதவர்களின் வழக்குகளை அங்கே கையாளும்போது, பயிற்சி வழக்கறிஞர்களும் தொழில் கற்கிறார்கள்.

இவற்றுக்கு நடுவே விடுபட்டிருப்பது அந்த ஒன்பது மாதம். சி.எல்.பி. எழுதுபவர்களுக்கு அதற்கு முந்தைய தயாரிப்புக் காலமும் சேரும். நம் சங்கம் கை வைக்க வேண்டிய இடம் அது என்பது நம் தாழ்மையான கருத்து.

மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று, சேம்பரிங் செய்யும் நம் பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஒரு தொகையை வட்டியில்லாத அழகிய கடனாகத் தரலாம். தொழிலில் காலூன்றிய பிறகு அவர்கள் திருப்பித் தந்தால், அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். இரண்டு, ஜொகூரின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பத்துக்குப் பெயர் பெற்றவை. சட்டம் படிக்கப் பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம் போக வேண்டியிருக்கிறது. அங்குள்ள நம் உறவுக் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால், பிள்ளைகள் தங்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்று, வழக்கறிஞர்களாக உள்ள உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களைச் சந்தித்து எந்தப் பட்டத்துக்கு சி.எல்.பி. உண்டு, எதற்கு இல்லை என்று விளக்கலாம். இந்த ஒரு விவரம் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, பின்னால் தவிப்பவர்கள் உண்டு.

மல்லாலிடம் சட்டப் பட்டம் இல்லை. மீரா சாஹிப் பதிவுத் துறையில் வேலை பார்த்தவர். கல்லாவில் உட்காரும் நாமும் அந்த வரிசையில் சேரலாம். பொன்விழா ஆண்டின் பொதுக்கூட்டத்தில் இந்த நிதி பற்றிப் பேச்சு எழுந்தால், முதல் தவணையைக் கொடுக்க நாம் தயாராக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.