பத்தில் ஒன்று யாருக்கு?

எங்க வீட்டு அடுப்படியில் ரெண்டு கலயம் இருக்கும். ஒன்று சமையல் அரிசிக்கு. மற்றது பிடியரிசிக் கலயம். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். பசியில் ஒருநாள் நான் கையை விட்டபோது, "ஏல, அது சாமிக்குள்ளது, தொடாத" என்று தட்டிவிட்டாள். நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கொண்டுவந்த கூலி நெல்லின் அரிசி அது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் (எங்க பக்கம் பாதிரியாரையும் 'ஐயர்' என்றுதான் சொல்வது, அது தனிக்கதை) தசமபாகம் கொடாதவன் கடவுளிடமே திருடுகிறான் என்று பிரசங்கம் செய்வார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். களவாணி அவள்தான் என்பதுபோல.

பத்தில் ஒன்று வேதத்தில் முளைத்ததல்ல. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் சிரியக் கடற்கரையின் உகாரித் அரசுக்குக் கிராமங்கள் செலுத்திய வரிகளில் அது இருந்தது. பாபிலோனிய நகரமான சிப்பாரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சூரியக் கோயிலின் களிமண் ஏடுகளில் அந்தக் கணக்கு இருக்கிறது. ராஜா வேண்டுமென்று கேட்ட ஜனங்களிடம் சாமுவேல் எச்சரித்ததும் இதைத்தான்: உங்க தானியத்தில் பத்தில் ஒன்றை வாங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான் என்று. ஆக, அரண்மனையும் கோயிலும் ஒரே மரக்காலால் அளந்திருக்கின்றன.

மோசேயின் சட்டம் அந்த மரக்காலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தது. லேவியராகமம் கேட்பது நிலத்தின் விளைச்சலிலும் மரத்தின் கனியிலும் மந்தையிலும் பங்கு. கூலியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நிலம் உள்ளவன் கொடுக்கணும். நிலப்பங்கு இல்லாத லேவியன் வாங்கணும். உபாகமம் 14ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. மூன்றாம் வருஷப் பத்தில் ஒன்று ஊருக்குள்ளேயே வைக்கப்படும். லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் அதில் வயிறாரச் சாப்பிடணும். சேரிக்காரன் இந்தச் சட்டப்படி எந்தப் பக்கம் நிற்கிறவன்? வாங்குகிற பக்கம்.

ஐரோப்பாவில் மறுபடியும் வரியாகவே ஆனது. 585இல் மாக்கோன் சங்கம் கொடாதவனைச் சபைக்குப் புறம்பாக்கச் சொன்னது. 779இல் சார்லமேன் அரச கட்டளையாகவே ஆக்கினான். 1525இல் ஜெர்மன் குடியானவர்கள் தங்கள் 12 கோரிக்கைகளில், தானியத்தில் பங்கு தருகிறோம், அதில் போதகருக்குப் போக மிச்சம் ஏழைகளுக்கு, கால்நடைக்குத் தரமாட்டோம் என்றார்கள். வெட்டிச் சாய்த்தார்கள். பிரான்சில் அது ஒழிய 1789 வரவேண்டியிருந்தது.

ஐயர் சொன்ன திருட்டு வசனத்தையும் தேடினேன். மல்கியா 3:8. பொய்யில்லை. ஆனால் அதற்கு மூன்றே வசனம் முன்னால், 5இல், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கு எதிராக நானே சாட்சி நிற்பேன் என்கிறார் கடவுள். அரைக்கூலி அளந்த பண்ணையாரைப் பற்றி எங்க கோயிலில் ஒரு ஞாயிறும் அது வாசிக்கப்பட்டதில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்க வாசில" என்றாள். வாசித்தேன். பக்கத்தை மடித்து வைக்கச் சொன்னாள். பிடி போடுவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாசம் கலயம் கோயிலுக்குப் போகவில்லை. பக்கத்துக் குடிசையில் புருஷனை இழந்து மூணு பிள்ளையோடு இருந்தவள் வீட்டுக்குப் போனது.