கடினப்படுத்துதல்

பார்வோனின் இருதயம் கடினப்பட்டதாகத் தமிழ் வேதாகமம் சொல்லும் இடங்களில், எபிரேய மூலத்தில் மூன்று வினைகள் மாறிமாறி வருகின்றன: காசாக் (உறுதியாதல்), காவேத் (கனத்தல்), அரிதாகக் காஷா (இறுகுதல்). மகிமையைக் குறிக்கும் ‘காவோத்’, ‘காவேத்’தின் வேரில் பிறந்ததே. எடையையும் மதிப்பையும் ‘கனம்’ என்ற ஒரே சொல்லால் சுட்டும் தமிழுக்கு இது அந்நியமல்ல. இதே கடினப்படுத்துதலுக்குப் பவுல் ரோமர் 9:18இல் ஆளும் கிரேக்கச் சொல் ‘ஸ்க்லேருனோ’. மருத்துவர்களின் ‘ஸ்க்லெரோசிஸ்’ அதற்கு உறவு.

கடினப்படுத்தியது யார்? யாத்திராகமம் 8:15இல் பார்வோன் தானே. 9:12இல், கொப்புள வாதைக்குப் பின், கர்த்தர். கடவுள் தீமையை ஊட்டுவதில்லை, இரக்கத்தை அருளாமல் விடுகிறார், அவ்வளவே என்றார் அகஸ்தீன். நயமான விளக்கம்தான். ஆனால் 4:21இலேயே, வாதைகள் தொடங்குமுன், தாம் கடினப்படுத்தப்போவதாகக் கர்த்தர் மோசேயிடம் சொல்லிவிடுகிறாரே!