பைராம் தோட்டத்துத் தமிழ்

மதுரைக்காரர் பேச்சு ஒரு விதம், நெல்லைக்காரர் பேச்சு இன்னொரு விதம், யாழ்ப்பாணத்தார் பேச்சு மற்றொரு விதம். நிலம் மாறினால் பேச்சும் வாழ்வும் மாறும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அல்ல. நிலத்தை ஐந்து திணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வம், உணவு, தொழில், பறை எவையென வகுத்துக் காட்டியது தமிழ் இலக்கண மரபு. ஆனால் அந்த ஐந்திலும் அடங்காத ஒரு நிலத்தில் பல தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்தார்கள். அதுதான் தோட்டம்.

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிறது பைராம் தோட்டம். 'பைராம்' தமிழும் அல்ல, மலாயும் அல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்தின் மாளிகை இருந்த ஊரின் பெயர் அது. இந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் அக்குடும்பத்தின் கைக்கு வந்தன. 'நிபோங்' என்பதோ ஒரு வகைப் பனைக்கு மலாய்க்காரர் வைத்த பெயர். சுற்றுவட்டாரச் சீனர்கள் பேசுவது தியோச்சூ. கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுனில் ஒலிப்பது ஹொக்கியன். இத்தனை மொழிகளுக்கு நடுவில்தான் தோட்டத்துத் தமிழ் வளர்ந்தது.

சொல் சேர்ந்த கதை

1786இல் பினாங்குத் தீவும், 1800இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் வசமாயின. எதிர்க்கரையில் முதலில் கரும்பு வந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை. தமிழர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910இல் அம்முறை ஒழிக்கப்பட்ட பின்னர் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அதற்கும் தடை போட்டது.

வந்த இடத்தில் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. ரப்பருக்குப் பால்மரம் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். மலாய் 'கெத்தா' கித்தா ஆயிற்று. பால் பிடிக்கும் கிண்ணம், 'மங்கோக்' என்பதிலிருந்து மங்கு ஆயிற்று. 'கம்போங்' கம்பம் ஆயிற்று. விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு, ஆங்கிலப் 'பரேட்' என்பதிலிருந்து பெரட்டு ஆயிற்று. தெலுங்கரும் மலையாளிகளும்கூடப் பல தோட்டங்களில் இந்தத் தமிழையே பொதுமொழியாக ஏற்றார்கள்.

கொடுக்கல் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. கடை, கப்பல், பெட்டி, கட்டில், குளம் ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாயில் இன்றும் அன்றாடம் புழங்குகின்றன. இவை தோட்டத்தில் பிறந்த உறவல்ல. தோட்டங்களுக்கு வெகுகாலம் முன்பே கடல் வணிகம் வளர்த்த உறவு. ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அந்த வணிகத் தமிழின் சின்னங்கள்.

ஏன் இங்கே நிலைத்தது?

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் சென்றார்கள். அதற்கும் முன்பே மொரீசியசுக்குச் சென்றார்கள். அங்கெல்லாம் கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, பெயர்களும் இருக்கின்றன. வீட்டுப் பேச்சோ நேட்டாலில் ஆங்கிலமாகவும், மொரீசியசில் கிரியோலாகவும் மாறிவிட்டது. பண்பாட்டைக் கோயில் காத்தது. மொழியைக் காக்க அது மட்டும் போதவில்லை.

மலாயாவில் நிலைமை வேறு. தாயகம் கிட்டத்தில் இருந்தது. ஆட்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். லயங்களில் வீட்டுக்கு வீடு தமிழ் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடம் இருந்தது. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, பிறகு தொழிலாளர் சட்டங்களின் துணையோடு தோட்டங்களுக்கும் பரவியது. கொட்டகையில் நடந்தாலும் அது தமிழ்ப் பள்ளி. பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அந்த வழியில் வந்ததே.

இன்று லயங்கள் குறைந்துவிட்டன. தோட்ட வேலையில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளில் வளர்கிறார்கள். அவர்களில் பலருக்கு மங்கும் பெரட்டும் தெரியாது. அது குற்றமல்ல, வேலை போனால் வேலையின் சொல்லும் போகும். பெரட்டுக்குப் போன துன்பம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் பெற்றவர்களும் நினைத்தார்கள்.

ஆனால் அந்தச் சொற்களோடு அவர்கள் பட்ட பாடும் மறந்துபோகக் கூடாது. ஒரு காலத்தில் மொழிக்கு அரணாக இருந்த லயம் இனித் திரும்பாது. மிஞ்சியிருப்பவை வீடும் பள்ளியும்தான். தாத்தா பாட்டியிடம் தோட்டத்துச் சொற்களைக் கேட்டு எழுதிவரும்படி ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொன்னால், அதுவே நல்லதொரு வரலாற்றுப் பாடமாகும். கேட்டுச் சொல்ல மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.