எரிந்த கட்சி, எரியாத கட்சி

சிவனுக்கும் மன்மதனுக்கும் நடந்த மோதலில் வென்றவர் யார்? இதை இரவு முழுவதும் பாட்டிலேயே வாதிடும் கலை லாவணி ஆகும். 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியர் காலத்தில் இக்கலை தமிழகத்திற்கு வந்தது. மாசி மாதக் காமன் பண்டிகையின்போது இது நடைபெறும்.

நெற்றிக்கண் நெருப்பில் காமன் சாம்பலானான் என்பது எரிந்த கட்சி. அவன் அழியவில்லை என்பது எரியாத கட்சி. ரதியின் வேண்டுதலால் மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு உயிர் பெற்றான் என்று புராணம் கூறுவதால் இரு தரப்புக்கும் சான்று உண்டு.

டேப் என்னும் தோற்கருவியை அடித்து ஒரு கட்சியார் கேள்வி தொடுப்பர். எதிர்க்கட்சியார் பாட்டாலேயே விடை கூற வேண்டும். விடையின்றி நின்றவர் தோற்றவராவார். எனவே இங்கு வெற்றியை முடிவு செய்வது தெய்வத்தின் வலிமை அன்று. பாடுபவரின் புராண அறிவே. எழுத்தறியாத மக்களும் சான்று கேட்டு வாதத்தை எடைபோட இக்கலை பழக்கியது.