ஒரேகான் டக்ளஸ் ஃபிர் தோட்டங்களில் களைக்கொல்லி: ஆறாண்டு அளவுகோலை முன்வைத்து

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலக் கடலோர மலைத்தொடரில் டக்ளஸ் ஃபிர் காட்டை வெட்டியெடுத்த நிலத்தில் முதலில் தலைதூக்குபவை நட்ட கன்றுகள் அல்ல. சிவப்பு ஆல்டரும் பெரிய இலை மேப்பிளும் சால்மன்பெர்ரிப் புதரும்தான். ஆல்டர் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேலும் உயரும். ஃபிர் கன்று அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருக்கும். எனவே ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளித்து அகன்ற இலை மரங்களை ஒடுக்குவது தனியார் தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. இதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நச்சைச் சுற்றியே வாதிடுகின்றனர். எந்த மண்ணில் ஆல்டர் ஃபிருக்குப் போட்டி, எந்த மண்ணில் துணை என்ற காட்டியல் கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நச்சு பற்றிய அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970கள் வரை இங்கே தெளிக்கப்பட்ட முக்கிய மருந்துகளில் ஒன்று 2,4,5-டி. வியட்நாமில் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி அதுதான். தயாரிப்பிலேயே அதில் டையாக்சின் கலந்துவிடும். ஒரேகானின் ஆல்சி பகுதிப் பெண்கள் தங்கள் கருச்சிதைவுகளைத் தெளிப்போடு இணைத்து முறையிட்டார்கள். அதையொட்டி நடந்த ஆய்வின் புள்ளியியல் முறை கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இருந்தும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979இல் காடுகளில் அதன் பயன்பாட்டை அவசர ஆணையால் நிறுத்தியது. 1985இல் அம்மருந்து முற்றாக விலக்கப்பட்டது.

பின்னர் பரவலான கிளைபோசேட் வேறு வகை. அது தாவரத்துக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களின் உற்பத்தியைத் தடுக்கிறது. கோடைக் கடைசியில் ஃபிரின் புது வளர்ச்சி நின்று, மொட்டு மூடி, ஊசியிலையின் மெழுகுப் பூச்சு இறுகியிருக்கும். ஆல்டரோ இன்னும் பச்சை இலையோடு நிற்கும். தெளிப்பவர் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்குத்தான். சரியான நேரத்தில் தெளித்தால் ஃபிர் வேகமாக வளர்கிறது என்பதில் ஐயமில்லை. எதிர்ப்பாளர்கள் இதை மறுப்பது வீண்.

ஆனால் எத்தனை ஆண்டு வளர்ச்சியை வைத்து அளக்கிறோம்? வாஷிங்டன் மாநிலத்தின் விண்ட் ரிவர் ஆய்வுக்காட்டில், 1929இல் நட்ட டக்ளஸ் ஃபிரிடையே நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பட்டையாக ஆல்டரை நட்டார்கள். தீத்தடுப்பே நோக்கம். அந்த மண் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தது. ஆல்டரின் வேர்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிரி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அளந்தபோது, ஃபிர் மட்டும் நின்ற பகுதியைவிடக் கலப்புப் பகுதியின் மொத்த விளைச்சல் தெளிவாக விஞ்சியிருந்தது. ஒரேகானின் கேஸ்கேட் ஹெட் ஆய்வுக்காட்டிலோ மண் ஏற்கெனவே வளமானது. அங்கே ஆல்டரால் ஃபிருக்குக் கிடைத்தது நிழல்தான், உரமில்லை. அதே இரு மரங்கள், எதிரெதிர் முடிவுகள். இந்த முரணை மறைக்காமல் முன்வைப்பதே நேர்மை. கலப்புக்காட்டை எங்கும் புகழ்வோருக்கும் இது கசக்கும்.

வேரழுகலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டக்ளஸ் ஃபிரின் வேரை அடுக்கடுக்காகப் பிரித்து அழிக்கும் பூஞ்சை, வெட்டிய அடிக்கட்டைகளில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அகன்ற இலை மரங்களை அது தாக்குவதில்லை. நோய் கண்ட திட்டில் ஆல்டரை அழித்துவிட்டு மீண்டும் ஃபிரை நடுவது, நோய்க்கு இரை போடுவதே.

ஒரேகானின் 1971ஆம் ஆண்டுக் காட்டுத்தொழில் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், வெட்டிய நிலத்தில் நட்ட கன்றுகள் ஆறு ஆண்டுகளுக்குள் போட்டியை மீறித் தாமாக வளரும் நிலையை எட்ட வேண்டும் என்கின்றன. மறுநடவைக் கட்டாயமாக்கிய நல்ல சட்டம்தான். ஆனால் மரத்தை அறுவடை செய்யப் பல பத்தாண்டுகள் ஆகும் தொழிலில் ஆறாண்டுத் தேர்வு வைத்தால், உரிமையாளர் தேர்வுக்குத்தான் படிப்பார். தெளிப்பே அதற்குக் குறுக்குவழி.

மாற்று இல்லை என்பது சரியல்ல. கனடாவின் கியூபெக் மாகாணம் பொதுக்காடுகளில் களைக்கொல்லியை 2001இல் நிறுத்தியது. உயரமான கன்றுகளை விரைந்து நட்டு, எந்திர அரிவாளால் புதரை வெட்டுகிறது. செலவு கூடுதல், ஆள் பலம் வேண்டும். மேப்பிளை வெட்டினால் அடித்தூரிலிருந்து கொத்துக்கொத்தாய்த் துளிர்க்கும். அரிவாள் மட்டும் போதாத இடம் அது. அங்கே தண்டில் கோடாரியால் கொத்தி, காயத்தில் சில மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்தும் முறை இருக்கிறது. மருந்து அந்த மரத்துக்குள் போகிறது. ஓடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் காற்றில் போவதில்லை.

ஒரேகானின் லிங்கன் கவுண்டி வாக்காளர்கள் 2017இல் வான்வழித் தெளிப்பைத் தடைசெய்தனர். மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று 2019இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலத்திடம்தான் என்றால் பொறுப்பும் அதனுடையதே. தெளிப்புக்கு முன்னறிவிப்புத் தரும் உரிமையாளர், அந்த நிலத்தின் தழைச்சத்து நிலையையும் வேரழுகல் கணக்கெடுப்பையும் உடன் இணைக்க வேண்டும் என்று மாநிலம் விதி செய்ய வேண்டும். தழைச்சத்து குறைந்த மண்ணிலும் நோய்த் திட்டுகளிலும் ஹெலிகாப்டர் தெளிப்பை அனுமதிக்கக் கூடாது.