செயின் சா செயின் மாற்றப் போகிறீர்களா? 'எத்தனை இன்ச்' என்பது மட்டும் போதாது

கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் பால் வற்றிய மரத்தை முறித்து மறுநடவு செய்யவும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் பட்டுப்போன தென்னையைச் சாய்க்கவும் இப்போது கை வாளைத் தேடுவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் வீட்டின் மேலும் பாதையின் குறுக்கேயும் விழுந்து கிடந்தன. மரம் அறுக்க ஆளும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை என்று தவித்தவர்கள் பிறகு சொந்தமாகவே ஒரு செயின் சா வாங்கி வைத்ததும் உண்டு.

மெஷின் பல வருடம் உழைக்கும். செயின் அப்படி அல்ல. அரம் போட்டுப் போட்டுப் பல் தேய்ந்ததும் புதிது வாங்கியே ஆகவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடைக்குப் போய் "22 இன்ச் செயின் ஒண்ணு தாங்க" என்கிறோம். அவரும் 22 இன்ச் என்று எழுதிய பெட்டியை எடுத்துத் தருகிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்று நீளம் பற்றாது, இல்லையென்றால் தொங்கும். அதைவிட மோசம், பொருந்தியது போலத் தெரிந்து, ஓட்டும்போது கழன்று வருவது. கழன்ற செயின் கீழ்ப்பக்கமாகப் பின்னோக்கிச் சாட்டை போல வீசும். வலது கை இருக்கும் இடம் அதுதான்.

இன்ச் என்பது பாரின் அளவு. அதுவும் முழுப் பார் அல்ல. மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு மரத்தை அறுக்கும் பகுதியின் நீளம். செயினுக்கு மூன்று எண்கள் தனியாக உண்டு: பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை. மூன்றும் ஒத்துவந்தால்தான் அது உங்கள் மெஷினின் செயின்.

பிட்ச்: ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரம்

செயினைத் தரையில் நேராக நீட்டிப் போடுங்கள். அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளைப் பாருங்கள். முதல் ரிவெட்டின் நடுவில் இருந்து மூன்றாவது ரிவெட்டின் நடு வரை அளந்து, இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். வகுக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அந்த முழுத் தூரம் 16.5 மி.மீ. என்றால் பிட்ச் .325. கடையில் 'முந்நூற்று இருபத்தைந்து' என்றே கேட்கலாம். 18.5 முதல் 19 மி.மீ. வரை வந்தால் 3/8. 20.5 மி.மீ. வந்தால் .404, இது பெரிய தடி அறுக்கும் கனமான மெஷின்களுக்கு உரியது. கிளை கழிக்கும் சிறு மெஷின்களில் 1/4 பிட்ச் வரும்; அதில் 12.7 மி.மீ. இருக்கும். பழைய செயின் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் அரை மி.மீ. முன்பின் வந்தால் கவலை வேண்டாம்.

இதில் 3/8 என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று முழு 3/8. இன்னொன்று 'லோ புரொஃபைல்' அல்லது 'பிக்கோ' எனப்படும் சின்ன 3/8. அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தூரம்தான் காட்டும். ஆனால் சின்ன வகையின் பல் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கும், ஸ்டில் எம்.எஸ். 170, 180 போன்ற வீட்டு உபயோக மெஷின்களில் வருவது இதுதான். முழு 3/8 பெரிய எஞ்சினுக்கானது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக்கூடாது. ஸ்ப்ராக்கெட்டில் சரியாக உட்காராது. உங்கள் மெஷின் 40 சிசிக்குக் கீழே இருந்து, அளவு 3/8 என்று காட்டினால், அது பெரும்பாலும் சின்ன வகைதான். கடையில் அதைச் சொல்லியே கேளுங்கள்.

பிட்ச் ஏன் இவ்வளவு முக்கியம்? செயினின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உள்பல், அதாவது டிரைவ் லிங்க், எஞ்சின் பக்கம் உள்ள ஸ்ப்ராக்கெட்டின் பள்ளத்தில் விழுந்துதான் சுற்றுகிறது. பாரின் மூக்கிலும் சிறு சக்கரம் இருந்தால் அதிலும் விழவேண்டும். .325 ஸ்ப்ராக்கெட்டில் 3/8 செயினைப் போட்டால் பல் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி அடிக்கும். கொஞ்ச நேரத்திலேயே செயினும் கெடும், ஸ்ப்ராக்கெட்டும் கெடும். "பெரிய பிட்ச் போட்டால் வேகமாக அறுக்குமே" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: மாற்றுவதானால் ஸ்ப்ராக்கெட், பார், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும். சின்ன எஞ்சினுக்கு அந்தச் சுமையும் ஆகாது.

கேஜ்: கண்ணை ஏமாற்றும் எண்

பாரின் ஓரத்தில் ஓடும் பள்ளத்தில் செயினின் உள்பல் இறங்கி ஓடுகிறது அல்லவா, அந்த உள்பல்லின் தடிமன்தான் கேஜ். நான்கு அளவுகள் புழக்கத்தில் உள்ளன: .043 (1.1 மி.மீ.), .050 (1.3 மி.மீ.), .058 (1.5 மி.மீ.), .063 (1.6 மி.மீ.). ஒன்றுக்கொன்று வித்தியாசம் நூல் அளவுதான். வெறும் கண்ணால் தெரியாது. பட்டறையில் வெர்னியர் இருந்தால் உள்பல்லைக் கவ்விப் பார்த்துவிடலாம். அடிமுனை தேய்ந்திருக்கும் என்பதால், சற்று மேலே தேயாத இடத்தில் அளக்கவேண்டும்.

தடித்த செயினை ஒடுங்கிய பாரில் போட முயன்றால் உள்ளே இறங்காது. தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்து மறுபக்கம்தான். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.3 மி.மீ. செயின் சுகமாக இறங்கும், சுற்றும், கடையில் மாட்டிக் காட்டும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். விளையில் கொண்டுபோய் மரத்தில் வைத்ததும் செயின் ஒருபக்கம் சாயும், அறுப்பு வளைந்து போகும், பாரின் ஓரம் ஒருபக்கமாகத் தேயும், ஒரு நாள் செயின் வெளியே தாவும். பொதுவாகச் செயினைவிடப் பாருக்கு விலை அதிகம். எனவே கேஜ் தெரியாமல் செயின் வாங்குவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன்.

லிங்க் எண்ணிக்கை

உள்பற்களை எண்ணவேண்டும், மேலே இருக்கும் வெட்டுப்பற்களை அல்ல. ஒரு உள்பல்லில் சுண்ணாம்போ நகப்பாலிஷோ தொட்டு அடையாளம் வைத்து, இரண்டிரண்டாக எண்ணி வந்தால் தப்பாது.

ஒரே இன்ச் பாருக்கு ஒரே எண்ணிக்கை என்று நினைக்கவேண்டாம். .325 பிட்ச்சிலேயே 18 இன்ச் ஸ்டில் பாருக்கு 68 லிங்க் வரும். 18 இன்ச் ஹஸ்க்வர்னா பாருக்கு 72. இரண்டுமே '18 இன்ச் செயின்'தான், ஒன்று மற்றதற்கு ஆகாது. 20 இன்ச்சில் 76 உள்ளதும் உண்டு, 80 உள்ளதும் உண்டு. நம் ஊர்களில் அதிகம் விற்கும், விலை குறைந்த 58 சிசி மெஷின்களில் 22 இன்ச் பார் என்றால் பலவற்றில் .325 பிட்ச், .058 கேஜ், 86 லிங்க் இருக்கும். 'பலவற்றில்' என்றுதான் சொல்கிறேன். ஒரே பெயர்ப்பலகையில் வந்த இரண்டு மெஷின்களுக்கு வேறு வேறு பார் போட்டிருப்பதும் நடக்கிறது. உங்களுடையதை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள்.

எண்கள் எங்கே எழுதியிருக்கும்?

முதலில் பாரின் பின்பக்கம், மெஷினோடு சேரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெயும் மரத்தூளும் அடைந்திருக்கும். நல்ல பார்களில் பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் அங்கே பொறித்திருக்கும். அது அழிந்திருந்தால் செயினைப் பார்க்கவேண்டும்.

ஆரிகன் செயினில் உள்பல்லின் மேலேயே ஓர் எண் குத்தியிருப்பார்கள். 91 என்றால் சின்ன 3/8, கேஜ் .050. 20, 21, 22 என்பவை .325 பிட்ச், கேஜ் முறையே.050, .058, .063. 72, 73, 75 என்பவை முழு 3/8. கேஜ் அதே வரிசையில். ஸ்டில் செயினில் வெட்டுப்பல் பக்கம் ஓர் எண்ணும் உள்பல்லில் ஓர் எண்ணும் இருக்கும். வெட்டுப்பல்லில் 2 என்றால் .325, 3 என்றால் முழு 3/8, 6 என்றால் சின்ன 3/8. உள்பல்லில் 3 என்றால் 1.3 மி.மீ., 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. எழுத்து பொடியாக இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும்.

ஆரிகன் என்று சொன்னதும் ஒரு சின்னக் கதை. இன்றைய செயின்களின் வளைந்த பல் வடிவம் ஒரு புழுவிடம் இருந்து வந்தது. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு மரக்குற்றியில் வண்டின் புழு நாரின் போக்கிலும் குறுக்கிலும் தடையில்லாமல் தின்று போவதைக் கவனித்தார். அதன் தாடை போலவே வளைந்த பல் வைத்துச் செயின் செய்தார். அந்தத் தொழில்தான் ஆரிகன் கம்பெனியாக வளர்ந்தது. தென்னையைத் துளைக்கும் புழுவோடு மல்லுக்கட்டும் நமக்கு அதன் தாடை பலம் புதிதல்ல.

எந்த மரத்துக்கு எந்தப் பல்?

மூன்று எண்களும் ஒத்துவந்த பிறகு பல்லின் வடிவத்தைப் பார்க்கலாம். முனை சதுரமாகக் கூர்ந்திருப்பது ஃபுல் சிசெல். பச்சையான, மண் படாத மரத்தில் வேகமாகப் போகும். மணலோ மண்ணோ பட்டால் அதே வேகத்தில் முனை போய்விடும். முனை சற்று உருண்டிருப்பது செமி சிசெல். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் அழுக்கையும் காய்ந்த மரத்தையும் தாங்கும். ரப்பர் மட்டுமே அறுப்பவருக்கு முதல் வகை போதும். தென்னையின் தூரில் மண் ஏறியிருக்கும், வெளிச்சுற்று வைரமாக இருக்கும். காய்ந்த புளியும் அப்படியே. எல்லா மரமும் அறுக்கவேண்டிய வீட்டு மெஷினுக்குச் செமி சிசெல் வாங்குவதே என் யோசனை. (பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.)

ரப்பர் அறுப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. மரத்தைத் தொடும் முன் சிரட்டை மாட்டிய கம்பியையும், பால் வழியப் பட்டையில் அடித்த தகரத்தையும் பிடுங்கிவிடுங்கள். புதுச் செயினின் பற்களை ஒரே நொடியில் மொட்டையாக்க அந்தக் கம்பி போதும். அடுத்தது பால். அறுக்கும்போது வடியும் பால் தூளோடு சேர்ந்து பாரின் பள்ளத்தில் உறைந்து, எண்ணெய் வரும் துளையை அடைக்கும். செயின் வறண்டு ஓடிச் சூடேறும், நீளும். மாலையில் பாரைக் கழற்றி, ஒல்லியான தகடு வைத்துப் பள்ளத்தைச் சுரண்டி, எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்திவிடவேண்டும். எஞ்சினில் இருந்து வடித்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அதில் கலந்திருக்கும் இரும்புத் தூள் பாரையும் எண்ணெய்ப் பம்பையும் தின்றுவிடும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது ஆயிலாவது ஊற்றுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சில கடைகளில் 100 அடி ரோலில் இருந்து செயினை வெட்டி, ரிவெட் அடித்துத் தருவார்கள். அதில் தவறில்லை, விலையும் குறையும். ஆனால் ரிவெட்டைச் சுழற்றி அழுத்தும் கருவியில் செய்யவேண்டும். சுத்தியலால் தட்டிச் சேர்த்த இணைப்பு வேண்டாம். இணைத்த இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். மற்ற இணைப்புகளைப் போலவே இலகுவாக மடங்கவேண்டும். வெட்டுப்பற்கள் இடது, வலது என்று மாறிமாறி வருகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஸ்ப்ராக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். பல்லில் அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் தடம் விழுந்திருந்தால் புதுச் செயினை அதில் போடவேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு வைத்தால் நல்லது. முடிந்தால் இரண்டு செயின் ஒன்றாக வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றும் சமமாகத் தேயும்.

செயினோடு உருண்டை அரமும் வாங்கவேண்டும். அதற்கும் பிட்ச்தான் அளவு. .325க்கு 4.8 மி.மீ., சின்ன 3/8க்கு 4 மி.மீ., முழு 3/8க்கு செயின் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. பழைய அரம் வீட்டில் கிடக்கிறது என்று அளவு மாறிய அரத்தைப் போட்டால் பல்லின் கோணம் மாறி, கூர் இருந்தும் மரத்தில் ஏறாது.

புதுச் செயினைச் சில மணி நேரம் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டுங்கள். பாரின் மேல்பக்கம் ஓடும் வெட்டுப்பற்களின் கூர்முனை, மூக்கை நோக்கி இருக்கவேண்டும். ஓரிரு நிமிடம் மரத்தில் வைக்காமல் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, செயின் ஆறிய பிறகு இறுக்கத்தைப் பாருங்கள். பாரின் அடியில் தொங்கக்கூடாது. கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாகச் சுற்றவேண்டும். முதல் அரை மணி நேரத்தில் புதுச் செயின் நீளும் என்பதால் இன்னும் இரண்டு, மூன்று முறை இறுக்கவேண்டி வரும். எண்களை ஒருமுறை கண்டுபிடித்ததும் '.325 – .058 – 86' என்பது போல மெஷின் மூடியின் உட்பக்கம் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை செயின் வாங்க வீட்டுப் பிள்ளையை அனுப்பினாலும் சரியானதையே வாங்கி வருவான்.