பாதரசத்தின் மேல் ஒரு துளி

ஆவி அழுத்தம் நடத்தும்போது நான் டால்டனிடமிருந்துதான் தொடங்குவேன். அணுக்கொள்கைக்காரர் என்றே பிள்ளைகள் அவரை அறிவார்கள். 1801-இல் மான்செஸ்டரில் அவர் வாசித்த கட்டுரைகளில் இந்தச் சோதனையும் உண்டு: டாரிசெல்லி குழாயில் பாதரசத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் சிறிது திரவத்தை ஏற்றினார், அது ஆவியாக, பாதரசம் இறங்கியது. இறங்கிய உயரமே ஆவி அழுத்தம். 20 டிகிரி செல்சியஸில் நீர் சுமார் 17.5 மில்லிமீட்டர் இறக்கும். ஈதரோ 440-ஐ ஒட்டி.

எங்கள் ஆய்வகத்தில் வளைந்த பிப்பெட்டால் குழாயின் அடியில் ஈதரை விடுவேன். துளி மேலேறியதும் பாதரசம் சடாரென்று சரியும். கடைசி வரிசைப் பையன்களும் எழுந்துவிடுவார்கள். ஆவியாகாத ஈதர் மேலே தங்கத் தொடங்கியபின் மேலும் துளி சேர்த்தால் மட்டம் ஏறக்குறைய அசையாது. நிறைவுற்ற ஆவிக்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

பாதரச நஞ்சுக்கு அஞ்சிப் பல பள்ளிகள் இதைக் கைவிட்டன. அழுத்த உணரி எண்ணைக் காட்டிவிடுகிறது. பாதரசம் இறங்குவதைக் காட்டுவதில்லை.